ஸ்கோர் சொல்லுங்க மாப்பிள்ளை!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு டென்னிஸ் கோர்ட் பக்கம் போய் நின்று பாருங்கள். அபார்ட்மென்ட் கோர்ட்டோ, பழைய கிளப்போ, எதுவாக இருந்தாலும் சரி. பந்து அடிக்கும் சத்தத்துக்கு அடுத்தபடியாக அங்கே அதிகம் கேட்கும் சத்தம் "நல்ல ஷாட்!" இல்லை. "என்ன ஸ்கோர்?" என்பதுதான்.

கேட்டவுடன் நான்கு பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் விரல் விட்டு எண்ணுவார். இன்னொருவர், "நீங்க அந்த லாப் அடிச்சீங்கள்ல, அதுக்கு முன்னாடி தர்ட்டி-ஃபிஃப்டீன்" என்று ஆரம்பிப்பார். "எந்த லாப்?" என்பார் மூன்றாமவர். அவ்வளவுதான், வெயில் ஏறிவிடும்.

மற்ற விளையாட்டுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கேரம் என்றால் பையில் விழுந்த காய் சாட்சி. சீட்டாட்டம் என்றால் ஒரு காகிதத்தில் எழுதிவிடுகிறோம். தெரு கிரிக்கெட்டுக்குக்கூட அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் ஸ்கோர் எழுதுகிறான். டென்னிஸில் ஒரு பாயின்ட் முடிந்தால் முடிந்ததுதான். தரையில் அதற்குத் தடயமே கிடையாது. ஆடியவர்களின் தலைக்குள் மட்டும்தான் அது இருக்கிறது. அந்தத் தலைகளோ வாதியும் பிரதிவாதியும்!

இதைப் பற்றி எழுதக் காரணம், கோவையிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருந்த மின்னஞ்சல். அவருடைய அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஐ.டி. வேலை. ஞாயிறுதோறும் இருவரும் அபார்ட்மென்ட் கோர்ட்டில் சிங்கிள்ஸ் ஆடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவே கூச்சப்பட்ட இருவரையும் பேச வைத்ததே இந்த ஆட்டம்தானாம். ஒரு ஞாயிறு, கேம் கணக்கு 4-4. அப்பா சர்வ் போடுகிறார்.

"ஃபார்ட்டி-தர்ட்டி" என்றார் அப்பா.

"இல்ல மாமா, தர்ட்டி-ஃபார்ட்டி. எனக்குத்தான் பிரேக் பாயின்ட்."

"முப்பத்தாறு வருஷம் பேங்க்ல கணக்கு பார்த்தவன் மாப்பிள்ளை நான்!"

"அப்போ நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா மாமா?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த வாசகியைப் பார்த்திருக்கிறார்கள். "நீயே சொல்லும்மா!" என்றார் அப்பா. "ஆமா, நீயே சொல்லு!" என்றார் கணவர். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது. ராக்கெட்டுகள் உறையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டால் அப்பா "முட்டி வலிக்குது" என்கிறாராம், கணவர் "ஆபீஸ் கால் இருக்கு" என்கிறாராம். யார் சொன்னது சரி என்று வாசகி கேட்கிறார்.

யார் சொன்னது சரி என்பதை நானில்லை, யாராலும் இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இருவருமே பொய் சொல்லவில்லை என்று பந்தயம் கட்டுவேன். நாம் ஜெயித்த பாயின்ட் மனதில் அப்படியே நிற்கிறது. லைனுக்குள் ஓரமாக விழுந்த அந்த ஃபோர்ஹேண்டை ராத்திரி படுக்கும்போதுகூட ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். நாம் தோற்ற பாயின்ட்? ஏதோ காற்று, ஏதோ வெயில், சீக்கிரம் மறந்துபோகிறது. நேர்மையான இரண்டு பேர் நேர்மையாகவே இரண்டு வேறு கணக்கு வைத்திருப்பார்கள்.

எனவே, யார் கணக்கு சரி என்பதைவிட, ஸ்கோரை எப்போது சொன்னார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். ஐந்து பாயின்ட் முடிந்த பிறகுதான் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்திருக்கிறார் என்று தெரிகிறது. அதுவரை இருவரும் தனித்தனியாக மனக்கணக்கு. இரண்டாவது பாயின்ட் முடிந்ததும் அப்பா "தர்ட்டி-லவ்" என்று சொல்லியிருந்தால், "மாமா, ஃபிஃப்டீன்-ஆல் இல்ல? அந்த பேக்ஹேண்ட் நெட்ல பட்டுச்சே" என்று மாப்பிள்ளை அப்போதே சொல்லியிருப்பார். "ஓ, ஆமால்ல" என்று அவரும் சிரித்திருப்பார். அரை நிமிடத்துக்கு முன் நடந்ததை இருவராலும் நினைவுக்குக் கொண்டுவர முடியும். அதே பேச்சு மூன்று பாயின்ட் கழித்து, பிரேக் பாயின்ட் வரும் நேரத்தில் வந்தால், அது திருத்தமாகக் காதில் விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, நாற்காலி நடுவர் இல்லாமல் நடக்கும் ஆட்டங்களுக்கென்றே சில நடைமுறைகளை வகுத்திருக்கிறது. அதில் ஒன்று, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முதல் சர்வ் போடுவதற்கு முன், சர்வ் போடுபவர் எதிராளியின் காதில் விழும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும் என்பது. கவனியுங்கள், காதில் விழும்படி! நம் ஊரில் பலர் தனக்குத்தானே மந்திரம் ஜபிப்பதுபோலச் சொல்லிவிட்டு, பிறகு "நான்தான் சொன்னேனே" என்பார்கள்.

சொல்லும் முறைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சர்வ் போடுபவரின் ஸ்கோர்தான் எப்போதும் முதலில். நம் வார இறுதி ஆட்டக்காரர்கள் சண்டையில் பாதி, இதை மறப்பதால் வருகிறது. எதிரே நிற்பவர் தன் கணக்கை முதலில் வைத்து "ஃபார்ட்டி-ஃபிஃப்டீன்" என்பார். அவர் சொன்னது தனக்கு 40 என்று. சர்வ் போடுபவர் கேட்டது தனக்கு 40 என்று. இருவரும் தலையாட்டிக்கொண்டு சந்தோஷமாக அடுத்த பாயின்ட்டை ஆடுவார்கள். குண்டு வெடிப்பது அதற்குப் பிறகு. 'ஃபிஃப்டீன்' என்பதைச் சுருக்கி 'ஃபைவ்' என்று சொல்வதும் அப்படித்தான். "ஃபைவ்-லவ்" என்றால் கேம் கணக்கா, பாயின்ட் கணக்கா? பழகிய கூட்டத்துக்குப் புரியும். புதிதாக வந்து சேர்ந்தவர் விழிப்பார்.

ஒரு கேம் ஆரம்பிக்கும்போது கேம் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. "ஃபோர்-த்ரீ, நான் முன்னால" என்று இரண்டு வார்த்தை. இடம் மாறும்போது, தண்ணீர் குடிக்கும்போது இன்னொரு தடவை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, சொல்லாமல் விட்டாயிற்று, சண்டை வந்தாயிற்று. அதற்கும் அந்த நடைமுறைகளில் வழி இருக்கிறது. வாசகியின் கோர்ட்டில் நடந்ததைப் பார்த்து எழுதியதுபோல, 40-30ஆ 30-40ஆ என்ற உதாரணமே அதில் வருகிறது! அமைதியாக நின்று, அந்த கேமில் ஆடிய பாயின்ட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்த வேண்டும். இருவரும் ஒத்துக்கொள்ளும் பாயின்ட்டுகள் அப்படியே நிற்கும். ஒத்துவராதது மட்டும் கணக்கிலிருந்து போகும். ஐந்தில் நான்கு பாயின்ட்டுகளில் ஆளுக்கு இரண்டு என்று சம்மதம், ஒரே ஒரு பாயின்ட்டில்தான் தகராறு என்றால், 30-30 என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டியதுதான். கேம் கணக்கில் குழப்பம் வந்தாலும் இதே வழிதான். 4-3ஆ 3-4ஆ என்று தெரியாமல், ஒரு கேம் மட்டும் யாருடையது என்று சம்மதம் வரவில்லையென்றால் 3-3 என்று தொடரலாம். கடைசியாக ஆடிய கேமில் சர்வ் வாங்கியவர், அடுத்து சர்வ் போடுவார்.

அமெரிக்க டென்னிஸ் சங்கம், நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கு 'தி கோட்' என்ற பெயரில் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அது இன்னும் இரண்டு படி மேலே போகிறது. பாயின்ட்டுகளை நினைவுபடுத்திப் பார்த்தும் ஆகவில்லையா, இருவருக்கும் சம்மதமான ஏதாவது ஒரு ஸ்கோரிலிருந்து தொடருங்கள். அதற்கும் ஒத்துவரவில்லையா, ராக்கெட்டைச் சுழற்றுங்கள், அல்லது காசைச் சுண்டுங்கள். இந்த வரிசையில்தான் போக வேண்டும். எடுத்த எடுப்பில் காசைச் சுண்டக் கூடாது. எனக்கு இதில் பிடித்தது, எந்தப் படியிலும் 'யார் பொய் சொன்னார்' என்ற கேள்வியே வராததுதான்.

வாசகிக்கு ஒரு நல்ல செய்தியும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. பந்து உள்ளேயா வெளியேயா என்று பார்வையாளர்களை உதவிக்குக் கூப்பிடக் கூடாது என்கிறது அது. லைன் விஷயத்துக்கென்று சொன்னதை ஸ்கோருக்கும் நாமாகவே நீட்டிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பெஞ்சில் இருக்கும் மகள், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், வேலிக்கு வெளியே சைக்கிளோடு நிற்கும் பையன், யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அப்பாவுக்கும் கணவருக்கும் நடுவே தீர்ப்பு சொல்வதைவிட இட்லி ஊட்டுவது எவ்வளவோ மேல் அம்மா! அடுத்த முறை கேட்டால், "பார்வையாளர் பேசக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஒற்றைப்படை இரட்டைப்படை தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு கேமின் முதல் சர்வும் வலது பக்கத்திலிருந்து போடுகிறோம். அடுத்தது இடது பக்கம், அதற்கடுத்தது வலது. அப்படியென்றால் அந்த கேமில் இதுவரை ஆடிய பாயின்ட்டுகள் இரட்டைப்படையாக இருந்தால் சர்வ் வலது பக்கம், ஒற்றைப்படையாக இருந்தால் இடது பக்கம். இது போதும், பாதிச் சண்டையை ஆரம்பத்திலேயே அணைத்துவிடலாம். 40-15ஆ 40-30ஆ என்று குழப்பமா? 40-15 என்றால் மூன்றும் ஒன்றும் நான்கு பாயின்ட். வலது பக்கம் நிற்க வேண்டும். 40-30 என்றால் ஐந்து, இடது பக்கம். கடைசி பாயின்ட்டுக்கு எங்கிருந்து சர்வ் போட்டோம் என்பது ஸ்கோரை மறந்தவருக்கும் நினைவிருக்கும், ஏனென்றால் கால்கள் அங்கேதான் நின்றன. டியூஸ் என்றால் எப்போதும் வலது, அட்வான்டேஜ் என்றால் எப்போதும் இடது.

மாமனார்-மாப்பிள்ளை விவகாரத்தில் இந்தச் சூத்திரம் உதவாது. 40-30 என்றாலும் 30-40 என்றாலும் ஐந்து பாயின்ட்தானே! அதனால்தான் அந்த நடைமுறைகளில் அந்த உதாரணத்தையே எடுத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேம் கணக்குக்கும் இப்படியொரு வழி உண்டு. முதல் கேமில் சர்வ் போட்டவர்தான் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை கேம்களிலெல்லாம் போடுவார். ஆகவே 4-3ஆ 4-4ஆ என்று சந்தேகம் வந்தால், முதலில் ஆரம்பித்தது யார், இப்போது யார் முறை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டினால் ஒற்றைப்படை வரும் கேம் கணக்கில் இடம் மாறுகிறோம் என்பது இன்னொரு துப்பு. ஆனால் இந்தத் துப்பை நம் ஊரில் நம்ப முடியாது. வேப்பமர நிழல் விழும் பக்கத்தை ஒருமுறை பிடித்தவர், சூரியன் உச்சிக்கு வரும்வரை அதை விட்டுக் கொடுப்பதில்லை!

டைபிரேக் என்றதும் பலருக்கு வியர்க்கிறது. அதிலும் இதே ஒற்றைப்படைதான். முதலாமவர் ஒரு சர்வ், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. இருவர் புள்ளிகளையும் கூட்டினால் ஒற்றைப்படை வரும்போதுதான் சர்வ் கைமாறும். புதிதாக சர்வ் வாங்கியவர் இடது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். கூட்டுத்தொகை ஆறு, பன்னிரண்டு என்று வரும்போது இடம் மாற வேண்டும். "4-3, கூட்டினா ஏழு, ஒற்றை, அப்போ சர்வ் மாறணும்" என்று வாய்விட்டுச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

நடுவர் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2004 விம்பிள்டன், பெண்கள் ஒற்றையர் இரண்டாவது சுற்று. முன்னாள் சாம்பியன் வீனஸ் வில்லியம்ஸும் குரோஷியாவின் இளம் வீராங்கனை கரோலினா ஸ்ப்ரெமும் ஆடுகிறார்கள். இரண்டாவது செட் டைபிரேக். வீனஸ் 2-1 என்று முன்னிலை. ஸ்ப்ரெமின் முதல் சர்வ் ஃபால்ட். அதற்குப் பிறகு நடந்த குழப்பத்தில் நடுவர் ஆடாத ஒரு பாயின்ட்டை ஸ்ப்ரெமுக்குக் கொடுத்து, 2-2 என்று அறிவித்துவிட்டார். நாற்காலியில் நடுவர், லைன்களில் உதவியாளர்கள், சுற்றிலும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள், உலகம் முழுக்க டி.வி. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. வீனஸும் எதுவும் சொல்லவில்லை, ஸ்ப்ரெமும் சொல்லவில்லை. அந்த டைபிரேக்கை ஸ்ப்ரெம் 8-6 என்று வென்றார். மேட்ச் முடிந்தது, வீனஸ் வெளியேறினார். அந்த நடுவருக்கு அந்தத் தொடரில் அதற்குப் பிறகு வேலை கொடுக்கவில்லை.

ஆடும் இருவரும் தன் கணக்கை தானே வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். உரக்கச் சொல்ல ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எதிராளி ஸ்கோர் சொல்லும்போது மனதில் சரிபார்த்து, தப்பாக இருந்தால் அந்த நொடியே கையைத் தூக்குவது சர்வ் வாங்குபவரின் வேலை. பாயின்ட்டைத் தோற்றபின், "அப்பவே தப்பா சொன்னீங்க" என்று கிளம்புவது அழகில்லை.

இயந்திரமும் கைவிட்ட கதை உண்டு. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்களே, அந்த மேட்ச்சில் கோர்ட்டின் மின்னணு ஸ்கோர் போர்டு 47-47 வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லித் தரவில்லை! கடைசி செட் 70-68 வரை போனது. நம் கோர்ட்டுகளில் நெட் கம்பத்தில் மாட்டும் எண் அட்டைகள் நல்லவைதான், ஆனால் மூன்றாவது கேமுக்குப் பிறகு அதைத் திருப்ப யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பழைய கிளப்புகளில் 'மார்க்கர்' என்று ஒருவர் இருப்பார், உறுப்பினர்களோடு பந்து அடித்துப் பழக்குபவர். ஆட்டத்தின் புள்ளிகளைக் குறிப்பவர், சொல்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். இப்போது அவரிடமே போய் "என்ன ஸ்கோர் அண்ணே?" என்றால், "நான் பந்து பொறுக்கிட்டு இருந்தேன் சார்" என்கிறார்.

ஒவ்வொரு கோர்ட்டிலும் சில வகை ஆட்கள் இருக்கிறார்கள். முன்னிலையில் இருக்கும்போது மட்டும் கணீரென்று ஸ்கோர் சொல்பவர் ஒரு வகை. "ஃபார்ட்டி-லவ்!" பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். "லவ்-ஃபார்ட்டி" வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். எதிராளியோ பாவம், 'இப்போ ஸ்கோர் கேட்டா குத்திக்காட்டுற மாதிரி இருக்குமோ' என்று தயங்கித் தானும் பேசாமல் இருந்துவிடுவார்.

என்னைக் கேட்டால் இவரைவிடத் தொல்லை, வள்ளல் வகை. தகராறு வந்தவுடன், "பரவால்ல, நீங்களே வெச்சுக்கோங்க" என்று பாயின்ட்டைத் தானம் செய்துவிடுவார். பார்க்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். வாங்கியவருக்குத்தான் தெரியும், அது எப்படிச் சுடும் என்று. 'நீ பொய் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பிச்சை போடுகிறேன்' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. தவிர, வள்ளல் அந்தப் பாயின்ட்டை மறப்பதும் இல்லை. மேட்ச் முடிந்து டீ குடிக்கும்போது, "அந்த ஒரு பாயின்ட்டை விட்டுக் கொடுத்தேன்ல..." என்று வட்டியோடு வசூலிப்பார். விட்டுக் கொடுக்காதீர்கள். 30-30 என்று திரும்ப ஆடுங்கள், இருவருக்கும் மானம் மிஞ்சும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது, மரியாதை. எதிரே நிற்பவர் மாமனார், அல்லது மேலதிகாரி, அல்லது கிளப் செயலாளர். அவர் ஸ்கோரைத் தவறாகச் சொல்கிறார். "சார், அது தர்ட்டி-ஆல்" என்று சொல்ல நாக்கு எழுமா? எழாது. விழுங்கிக்கொள்வோம். இரண்டு முறை விழுங்கினால் மூன்றாவது முறை ஷாட்டில் கோபம் வரும், நான்காவது வாரம் "முதுகு பிடிச்சுக்கிச்சு சார்" என்று ஆட்டத்துக்கே வரமாட்டோம். பெரியவருக்கோ, இவன் ஏன் வரவில்லை என்று கடைசிவரை தெரியாது. இந்த இடத்தில் பொறுப்பு பெரியவர்களுக்குத்தான் அதிகம் என்பேன். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு "சரிதானே தம்பி?" என்று ஒரு வார்த்தை சேர்த்தால், சின்னவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். திருத்துவது அவமரியாதை என்ற பயம் போய்விடும். சின்னவர்களும், "நீங்க தப்பா சொல்றீங்க" என்பதற்குப் பதில், "மாமா, எனக்கு தர்ட்டி-ஆல்னு ஞாபகம். ரெண்டாவது பாயின்ட்ல டபுள் ஃபால்ட் போச்சே?" என்று நடந்ததைச் சொல்லிக் கேட்கலாம். கணக்கைப் பற்றிப் பேசுகிறோம், ஆளைப் பற்றி இல்லை என்பது குரலிலேயே தெரியும்.

ஸ்கோரின் அண்ணன் ஒருவன் இருக்கிறான், லைன் கால். அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவர்தான் நடுவர். சந்தேகம் வந்தால் பலன் எதிராளிக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெளியே என்று தோன்றினாலும் அது உள்ளேதான் என்பது அந்த அமெரிக்க வழிகாட்டியின் கண்டிப்பு. டபுள்ஸில் ஒருவர் "அவுட்" என்று சொல்லி, அவருடைய கூட்டாளியே "இல்ல, உள்ளதான்" என்றால் பாயின்ட் எதிரணிக்கு. இதைக் கடைப்பிடிக்கும் ஜோடியைப் பார்த்தால் நின்று ஒரு கும்பிடு போடத் தோன்றும், அவ்வளவு அபூர்வம்.

2005 ரோம் மாஸ்டர்ஸில் ஆண்டி ராடிக் செய்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவுக்கு எதிராக மூன்று மேட்ச் பாயின்ட் கையில். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வை லைன் நடுவர் அவுட் என்றார். டபுள் ஃபால்ட், மேட்ச் முடிந்தது. களிமண் தரையில் பந்து விழுந்த தடத்தைப் பார்த்த ராடிக், பந்து உள்ளே விழுந்தது என்று நடுவரிடம் சொன்னார். பாயின்ட் வெர்டாஸ்கோவுக்குப் போனது. அதற்குப் பிறகு மேட்ச்சும் அவருக்கே போனது. ராடிக் தோற்றார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் புத்திசாலிகள், தாங்குவார்கள்.

பிள்ளைகள் என்றதும், அகாடமியில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சின்னப் போட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நடுவர் உட்கார மாட்டார். பத்து வயதுக் குழந்தைகள் தாங்களே ஸ்கோர் சொல்லி, தாங்களே லைன் பார்த்து ஆடுவார்கள். சண்டை முற்றினால்தான் அதிகாரி வருவார். அந்த நேரத்தில் வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்கள் விரலில் ஸ்கோர் காட்டுவதும், அம்மாக்கள் "டேய், உனக்குத்தான் ஃபார்ட்டி!" என்று குரல் கொடுப்பதும் நடக்கிறது. வேண்டாம். முன்பே சொன்னதுதான், பார்வையாளர் பேசக் கூடாது. நீங்கள் குரல் கொடுத்தால் எதிரே இருக்கும் குழந்தையின் அப்பாவும் குரல் கொடுப்பார்.

அதற்குப் பதில் வீட்டில் ஒன்று செய்யலாம். மொட்டைமாடியில் பந்து தட்டி விளையாடும்போதுகூட, சர்வுக்கு முன் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கூச்ச சுபாவமுள்ள குழந்தைகளுக்கு ஆட்டத்தைவிட இதுதான் கஷ்டம். பெரிய பையன் ஒருவன் எதிரே நின்று "ஃபார்ட்டி-ஃபிஃப்டீன்" என்று அதட்டினால், தன் கணக்கு சரி என்று தெரிந்தும் தலையாட்டிவிடுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போது, "லவ்-ஃபார்ட்டி" என்று தன் வாயாலேயே, எதிராளி காதில் விழும்படி சொல்லப் பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். முதலில் முணுமுணுப்பார்கள். "கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பந்தைத் தூக்கிப் போடாமல் காத்திருங்கள்.